நாவலுக்கு முன் ஒரு தாள்

நாவல் எழுத ஆசைப்படும் மாணவர் பலர். தொடங்குவோர் சிலர். முடிப்போர் மிகச் சிலர். விடுமுறையில் முதல் அத்தியாயம் வேகமாக ஓடுகிறது. இரண்டாவதில் நடை தளர்கிறது. நான்காவது அத்தியாயத்திலே கதாநாயகன் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறான். எந்த வண்டியில் ஏறுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தெரியவில்லை. அதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. நோட்டுப் புத்தகம் பெட்டியின் அடிக்குப் போய்விடுகிறது.

இதற்குச் சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. ஆய்வுக்கூடத்தில் மாதக் கணக்கில் அயராது உழைப்பவர்கள்தாம் நாவலில் நான்காம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். சிறுகதையை ஓர் உணர்ச்சி வேகத்தில் ஒரே இரவில் எழுதி முடித்துவிடலாம். முந்நூறு பக்க நாவலுக்கு அந்த வேகம் போதாது. பல மாதம் நீடிக்கும் வேலைக்கு, வேகம் குறைந்த நாளிலும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் துணை ஒன்று வேண்டும். திட்டம் அந்தத் துணை. எழுதத் தொடங்குமுன் பெரிய நாவலாசிரியர்கள் என்ன செய்தார்கள், நாம் என்ன செய்யலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கதையும் பின்னலும்

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றில் கதை என்பதையும் கதைப் பின்னல் என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்வது கதை. காரண வரிசையில் கோப்பது பின்னல். நம் ஊர் வழக்கில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். "கிணறு வற்றியது. பிறகு அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று." இது கதை. "கிணறு வற்றியது. அதை ஆழப்படுத்தப் பெரியவர் கடன் வாங்கினார். தண்ணீர் வரவில்லை. கடன்காரன் முகத்தில் விழிக்க நாணிக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று." இது பின்னல். முதலாவதைக் கேட்பவர் "அப்புறம்?" என்பார். இரண்டாவதைக் கேட்பவர் "ஐயோ, ஏன் கடன் வாங்கினார்?" என்று கேட்பார்.

நான்காம் அத்தியாயத்தில் நின்றுபோகும் நாவல்களிலே பெரும்பாலும் கதை இருக்கும், பின்னல் இராது. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அடுத்தடுத்த இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே "பிறகு" என்ற சொல் மட்டுமே பொருந்தினால் முடிச்சு விழவில்லை என்று கொள்க. "ஆகையால்" என்றோ "ஆனால்" என்றோ போட முடிந்தால் முடிச்சு விழுந்துவிட்டது. திட்டமிடுதல் என்பது இந்த முடிச்சுகளை எழுதுமுன்பே தேடிப் பார்ப்பதுதான்.

டிக்கன்ஸ் வைத்த தாள்

சார்லஸ் டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பல மாதப் பகுதிகளாக வெளிவந்தவை. ஒரு பகுதிக்கு 32 பக்கம். கணக்கில் 20 பகுதிகள். கடைசி இரண்டும் சேர்ந்தே வருமாதலால் 19 மாதங்களில் நாவல் முடியும். சென்ற மாதம் அச்சானதை இந்த மாதம் அழித்து எழுத முடியாது. ஆகவே முன்யோசனை இல்லாமல் பிழைக்க வழியில்லை.

1846இல் தொடங்கிய 'டாம்பியும் மகனும்' என்ற நாவல் முதலாக ஒவ்வொரு பகுதிக்கும் அவர் ஒரு தாள் வைத்துக்கொண்டார். தாளை இரு பாதியாகப் பிரிப்பார். வலப் பாதியில் அத்தியாயத் தலைப்புகளும், ஒவ்வொன்றிலும் வரவேண்டிய செய்தியும் இருக்கும். இடப் பாதி அவர் தம்மோடு தாமே நடத்திய உரையாடல். இந்தப் பாத்திரத்தை இப்போது கொண்டுவரலாமா, அந்த இரகசியத்தை இந்த மாதமே உடைக்கலாமா என்று கேள்விகளை எழுதிவைப்பார். பிறகு "ஆம்", "இல்லை", "இப்போது வேண்டா" என்ற வகையில் தாமே விடையும் எழுதுவார். இத்தாள்கள் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன.

இவற்றால் நாம் அறிவது யாது? அந்நாவலில் சிறுவன் பால் ஐந்தாம் பகுதியின் இறுதியில் இறக்கிறான். அந்த மரணம் முன்பே குறித்து வைக்கப்பட்டது. அதனால் முந்தைய பகுதிகளில் வரும் சிறு சொல்லும் கடலலையும் அதை நோக்கியே நகர்கின்றன. படிப்பவர் கண்ணீர் விடுகிறார் என்றால், அந்தக் கண்ணீருக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வாய்க்கால் வெட்டியாகிவிட்டது.

மற்றொன்றும் அறிகிறோம். வால்டர் என்ற இளைஞனைச் சிறிது சிறிதாகக் கெட்டழிபவனாகக் காட்டுவது என்றே முதலில் டிக்கன்ஸ் எண்ணியிருந்தார். தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்ணத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். எழுதும்போது அதைக் கைவிட்டார். வால்டர் நல்லவனாகவே திரும்பி வந்து கதாநாயகியை மணக்கிறான். தாள் ஆசிரியருக்கு வேலைக்காரன்; எசமானன் அல்ல.

ஜோலாவின் கோப்பு

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா திட்டமிடுதலை ஒரு விஞ்ஞானியின் ஒழுங்கோடு செய்தவர். ஒரே குடும்பத்தின் பல கிளைகளை வைத்து 1871 முதல் 1893 வரை இருபது நாவல்கள் எழுதினார். அக்குடும்பத்துக்கு வமிசப் படம் ஒன்றும் வரைந்துவைத்தார். ஒவ்வொரு நாவலுக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. முதலில் கதையைப் பற்றி உரக்கச் சிந்திப்பது போன்ற ஒரு முன்வரைவு. அடுத்துப் பாத்திரத்துக்கு ஒரு சீட்டாக வயது, உடல், குணம் பற்றிய குறிப்புகள். அடுத்து இடங்களைப் பற்றிய செய்திகள். இறுதியில் அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டம்.

சுரங்கத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் 'ஜெர்மினல்' நாவலுக்காக 1884 பிப்ரவரியில் அவர் வட பிரான்சிலுள்ள ஆன்சான் என்னும் ஊருக்குப் போனார். அப்போது அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்துள் இறங்கிப் பார்த்தார், தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்தார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நாவல் 1885இல் முடிந்தது. திட்டத்தில் ஒரு பகுதி எப்போதும் நாற்காலிக்கு வெளியே நடக்கவேண்டியது என்பதற்கு இது சான்று. அறையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கற்பனை செய்துவிட முடியாது.

கல்கிக்கு வாய்த்த தூண்கள்

நம் மொழியில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்தது. மூன்றரை ஆண்டு; ஐந்து பாகம். அத்தனை நீளமான கதை சிதறாமல் நின்றதற்கு ஒரு காரணம், வரலாறு அவருக்குச் சில தூண்களை முன்கூட்டியே நட்டுக் கொடுத்திருந்தது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். உத்தம சோழன் பட்டத்துக்கு வந்தான். இளையவன் அருள்மொழி பிறகே, 985இல், இராஜராஜனாக அரியணை ஏறினான். கொலையில் தொடர்புடையவர்கள் எனச் சில சகோதரர்களின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. வல்லவரையர் வந்தியதேவர் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

தூண்களுக்கு நடுவே கூரை வேய்வது ஆசிரியர் வேலை. கல்வெட்டில் வெறும் பெயராக நிற்கும் வந்தியதேவனைக் கல்கி ஓலை கொண்டு செல்லும் தூதனாக்கினார். இதிலுள்ள நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். தூதன் ஓரிடத்தில் நிற்க இயலாது. கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று அவன் போகும் வழியெல்லாம் கதையும் போகிறது. சோழ நாட்டு அரசியலை ஆசிரியர் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. புதியவனான அவன் அறியும்போது நாமும் அறிகிறோம். கதாநாயகனுக்கு எந்தத் தொழில் கொடுப்பது என்ற ஒரு முடிவு ஐந்து பாகங்களைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய முடிவுகளே திட்டத்தின் உயிர்.

பனித்துகள் முறை

நம் போன்ற விஞ்ஞான மாணவர்களுக்கு உவப்பான முறை ஒன்று உண்டு. இதை வகுத்தவர் ராண்டி இங்கர்மான்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர். பெர்க்லியில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். முறையின் பெயர் பனித்துகள் முறை.

1904இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் வான் காக் ஒரு வளைகோட்டை விவரித்தார். அதனின்று பெறப்படும் வடிவமே இது. ஒரு சமபக்க முக்கோணம் வரைக. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுப் பகுதியின்மேல் சிறிய சமபக்க முக்கோணம் ஒன்றை எழுப்பி, அதன் அடிக்கோட்டை நீக்கிவிடுக. மூன்று பக்கம் பன்னிரண்டாகும். மீண்டும் செய்தால் 48. மீண்டும் செய்தால் 192. ஒவ்வொரு முறையும் சுற்றளவு மூன்றில் நான்கு மடங்காகப் பெருகி எல்லையின்றி வளர்கிறது. பரப்போ முதல் முக்கோணத்தைப் போல் 8/5 பங்கைத் தாண்டுவதே இல்லை. நுணுக்கம் பெருகிக்கொண்டே போகிறது. உருவம் எல்லைக்குள் அடங்கி நிற்கிறது.

நாவலையும் இப்படி வளர்க்கலாம் என்கிறார் இங்கர்மான்சன். முதலில் நாவல் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும். அடுத்து அதை ஐந்து வாக்கியமாக்க வேண்டும்: தொடக்க நிலை ஒன்று, ஒன்றைவிட ஒன்று கடிய இடிகள் மூன்று, முடிவு ஒன்று. அடுத்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். பிறகு ஐந்து வாக்கியமும் ஐந்து பத்திகளாகும்; பாத்திரங்களின் வரலாறு விரியும்; ஒரு பக்கம் நான்கு பக்கமாகும்; இறுதியில் காட்சிகளின் பட்டியல் பிறக்கும். மொத்தம் பத்துப் படிகள். பத்தாவதுதான் நாவலை எழுதுதல். மேற்படியில் புதிதாக ஏதேனும் தோன்றினால் கீழ்ப்படிக்குப் போய்த் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

வெளியூர்த் தமிழர் வாழ்விலிருந்தே ஒரு கதையை எடுத்து இம்முறையைச் சோதித்துப் பார்ப்போம்.

முதற்படி, ஒரு வாக்கியம்: "டில்லியில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெறும் எழுத்தர் ஒருவர் சொந்த ஊரில் வீடு கட்டுகிறார், அவர் மனைவி அங்கே வர மறுக்கிறாள்."

இரண்டாம் படி, ஐந்து வாக்கியம். ஒன்று: சாமிநாதன் கும்பகோணத்துக்கு அருகே தந்தை விட்டுச் சென்ற மனையில், சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டத் தொடங்குகிறார். இரண்டு: சுவர் எழும்பும்போது மனைவி ஞானம், "நான் வரவில்லை" என்கிறாள். மூன்று: ஊரிலுள்ள தம்பி மனையில் பங்கு கேட்டு வழக்குத் தொடுக்கிறான், வேலை நின்றுபோகிறது. நான்கு: டில்லியில் அரசு வீட்டைக் காலி செய்யவேண்டிய நாள் வருகிறது. ஐந்து: மனையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஞானம் தன் பணத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டறை வீட்டுக்குச் சாமிநாதன் போகிறார்.

இனி நம் சோதனை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே என்ன சொல் பொருந்துகிறது? "பிறகு" என்பதே பொருந்துகிறது. தம்பி ஏன் இப்போது வழக்குப் போடவேண்டும்? காரணம் இல்லை. முடிச்சு விழவில்லை. சற்று யோசித்தால் வழி பிறக்கும். ஞானம் மறுத்த செய்தி எப்படியோ ஊருக்கு எட்டுகிறது. "வரப்போகாதவர்களுக்கு வீடு எதற்கு? பிறந்த மண்ணிலேயே இருக்கும் எனக்கல்லவா மனை வேண்டும்?" என்று தம்பி எழும்புகிறான். மனைவியின் மறுப்பே இப்போது வழக்குக்குக் காரணமாகிவிட்டது. மேலும், தம்பி கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வழக்கால் பணம் முடங்குகிறது. ஆகையால் காலி செய்யும் நாளில் ஊரிலும் வீடில்லை, டில்லியிலும் வீடில்லை. ஆகையால் மனைவி எடுத்த வீட்டின் படியேற வேண்டியிருக்கிறது. ஐந்தும் ஒரே சங்கிலியாகிவிட்டன.

மூன்றாம் படி, பாத்திரத்துக்கு ஒரு பக்கம். இங்கே ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும்: எழுதும் நேரத்துக்கு அந்தப் பாத்திரமே நாவலின் தலைமைப் பாத்திரம் என்று எண்ணி எழுதுக. ஞானத்தின் பக்கத்தை எழுதிப் பார்ப்போம். இருபது வயதில் டில்லிக்கு வந்தவள். காய்கறிச் சந்தையிலே ஹிந்தி கற்றவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கியவள். ஊருக்குப் போனால் அவள் மறுபடியும் "பெரிய மருமகள்" ஆகிவிடுவாள். அவள் பெயரைச் சொல்லி அழைக்க ஆளிராது. கணவர் திரும்பிப் போக விரும்பும் ஊர் அவருக்குப் பிள்ளைப் பருவம். அவளுக்கோ அது மூன்று ஆண்டு மாமியார் வீடு.

இவ்வளவு எழுதியதும் ஒரு கேள்வி எழுகிறது. இது யாருடைய நாவல்? வீடு கட்டியவர் சாமிநாதன். ஆனால் வாழ்வைக் கட்டியவள் ஞானம். ஒருவேளை கதையை அவள் கண் வழியாகவே சொல்லவேண்டுமோ? இந்தக் கேள்வி ஒரு தாளில் எழுந்தால் ஒரு மாலைப் பொழுது செலவாகும். இருநூறாம் பக்கத்தில் எழுந்தால் ஓர் ஆண்டு செலவாகும். திட்டத்தின் பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தம்பிக்கும் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். தாயின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்து பார்த்தவன் அவன் என்று தெரியவந்தால், கதையில் தீயவனே இல்லை என்பதும் தெரியவரும். கதை அப்போதுதான் கனக்கும்.

இறுதியாகக் காட்சிப் பட்டியல். கட்டம் போட்ட தாளானாலும் சரி, கணினியானாலும் சரி. ஒரு வரிக்கு ஒரு காட்சி. எங்கே நடக்கிறது, யார் கண்ணால் பார்க்கிறோம், காட்சியின் முடிவில் என்ன மாறியிருக்கிறது, ஏறக்குறைய எத்தனை பக்கம் என்று நான்கு பத்திகள். "என்ன மாறியது" என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை நீக்குக. அல்லது மற்றொன்றோடு சேர்த்துவிடுக. அறுபது காட்சி, காட்சிக்கு ஐந்து பக்கம் என்றால் முந்நூறு பக்கம். வாரத்துக்கு மூன்று காட்சி எழுதினால் இருபது வாரம். மலை போல் நின்ற நாவல் ஏறத்தாழ ஒரு பருவத்தின் வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

பட்டியலின் ஓரத்தில் கேட்டறிய வேண்டியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் கட்டட வேலையை நிறுத்துவது எப்படி? ஓய்வு பெற்றவர் அரசு வீட்டில் எத்தனை மாதம் தங்கலாம்? இவற்றை வழக்கறிஞரிடமும் ஓய்வு பெற்றவரிடமும் கேட்கவேண்டும். ஜோலாவின் சுரங்கம் நமக்கு நீதிமன்ற வாசலாக இருக்கலாம்.

திட்டம் கற்பனையைக் கொல்லாதா?

"எல்லாம் முன்பே தெரிந்துவிட்டால் எழுதுவதில் என்ன இன்பம்?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. திட்டத்தை மீறி வளர்ந்த பெரிய நாவல்களும் உண்டு. டால்ஸ்டாய் முதலில் எழுத எண்ணியது, தண்டனை முடிந்து 1856இல் சைபீரியாவிலிருந்து திரும்பும் கிளர்ச்சிக்காரர் ஒருவரைப் பற்றி. அவரை விளங்கிக்கொள்ளக் கிளர்ச்சி நடந்த 1825க்குப் போனார். அங்கிருந்து நெப்போலியன் படையெடுத்த 1812க்குப் போனார். அங்கிருந்தும் பின்னோக்கி 1805க்குப் போனார். 'போரும் அமைதியும்' அங்கேதான் தொடங்குகிறது. டாஸ்டாயெவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலுக்கு எழுதிய முதல் வரைவை 1865 நவம்பரில் எரித்துவிட்டு, புதிதாகத் தொடங்கினார்.

ஆயினும் இவர்கள் திட்டமின்றி எழுதினார்கள் என்பது பொருளன்று. டாஸ்டாயெவ்ஸ்கியின் குறிப்பேடுகள் திட்டங்களால் நிறைந்தவை. கதையைக் கொலைகாரனே சொல்வதா, பிறர் சொல்வதா என்பதை அவற்றிலேதான் அவர் போராடி முடிவு செய்தார். அமெரிக்க நாவலாசிரியர் பாக்னர் தம் நாவல் ஒன்றின் நிகழ்ச்சிகளை நாள் வாரியாகத் தம் அறைச் சுவரிலேயே எழுதிவைத்தார். 1954இல் அந்நாவல் வெளிவந்தது. சுவரிலுள்ள எழுத்தை இன்றும் காணலாம்.

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுதானே? சோதனைக்கு முன் ஒரு கருதுகோள் வைத்துக்கொள்கிறோம். சோதனை அதைப் பொய்யாக்கினால் வருந்துவதில்லை. புதிதாக ஒன்று கற்றோம் என்று மகிழ்கிறோம். கருதுகோளே இல்லாவிட்டால் எது புதிது என்பதும் தெரியாது. நாவலின் திட்டமும் ஒரு கருதுகோள். ஞானம் பேசத் தொடங்கியதும் அது உடைந்தால், உடையட்டும். உடைந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்று அறிந்து பட்டியலைத் திருத்திக்கொள்வோம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். திட்டமிடுவதே இன்பமாகி, எழுதாமலே காலம் போய்விடலாம். பாத்திரத்தின் தாத்தாவுடைய கண்ணாடியின் நிறம் வரை குறித்துவிட்டு முதல் வாக்கியம் எழுதாதவர் உண்டு. காட்சிப் பட்டியல் முடிந்த மறுநாளே எழுதத் தொடங்கிவிட வேண்டும்.

நாம் செய்யவேண்டியது

டில்லித் தமிழர் வாழ்வை ஆதவன் 'காகித மலர்க'ளில் எழுதினார். பம்பாய்க்குப் பிழைக்கப் போன இளைஞனை நாஞ்சில் நாடன் 'மிதவை'யில் எழுதினார். ஆனால் தமிழர் குடியேறிய ஊர்கள் எத்தனை! ரயில் குடியிருப்புகள், சுரங்க நகரங்கள், இட்டிலிக் கடைகள், பல்கலைக்கழக விடுதிகள் எத்தனை! அங்கே முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்து முதுமையடைந்தவர்களின் நினைவுகள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்த நம் தலைமுறை எழுதாவிட்டால், அவற்றை எழுத வேறு யார் வருவார்?

நண்பர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலை எழுத வேண்டா. அது யாரைப் பற்றியது, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் அமைவதற்கு ஒரு மணி நேரமாகலாம். ஒரு நாளும் ஆகலாம். அமைந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஐந்தாக்குங்கள். தேர்வு வந்து குறுக்கிட்டாலும் கவலை இல்லை. தேர்வு முடிந்து நோட்டைத் திறக்கும்போது கதாநாயகன் எந்த ரயிலில் ஏறவேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.